குடித்தது மரம்

"குடிச்சது மரம். அவ இல்ல. இன்னும் எத்தன தடவ சொல்றது?"

மாடிப்படிக்குக் கீழே, கையில் ஒரு சட்டையும் பல்லிடுக்கில் நூலுமாக நின்று பட்டனம்மா இதைச் சொன்னாள். அந்த வாரத்தில் இது நாலாவது தடவை. எதிரே வெங்காயப் பையோடு மாடிவீட்டுக்காரி. அவள் தலையை ஆட்டினாள். ஆட்டின விதம் இருக்கிறதே, அது நம்புகிற ஆட்டம் இல்லை. பாவம், மாமியாரே மருமகள் மானத்தை மூடி மறைக்க வேண்டியதாகிவிட்டதே என்கிற ஆட்டம். "விடுங்கக்கா, எல்லா வீட்டுலயும் ஏதோ ஒண்ணு இருக்கத்தான் செய்யுது" என்று ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். வைதால் திருப்பி வையலாம். ஆறுதல் சொன்னால் என்ன செய்வது? பட்டனம்மா நூலைக் கடித்துத் துப்பினாள்.

சட்டைக் கடைக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கிறவள் அவள். அறுபத்து நாலு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இருநூறு பட்டனைத் தரையில் கொட்டினாலும் அதில் ஒன்று அரை நூல் அளவு சிறிதாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்லைப் பொறுக்கி எடுக்க முடியவில்லை. ஆமாம், அந்த வம்பை ஆரம்பித்து வைத்தது ஊராரில் யாரும் இல்லை. இவளேதான். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் மருமகளைச் சொன்னால்தான் எதுவும் விளங்கும்.

மருமகளுக்கு நாற்பத்தொன்று. வெயிலிலும் மழையிலும் வெளியே கிடக்கிற மரத்துக்கு எண்ணெய் ஏற்றுவது அவள் தொழில். தோட்டத்து பெஞ்சு, வாசல் கேட்டு, மொட்டைமாடிப் பந்தல், நீச்சல்குளத்தைச் சுற்றிப் போட்ட பலகை. தெருவில் அவளுக்கு வார்னிஷ்காரி என்று பெயர். அவளுக்கோ வார்னிஷ் என்றாலே ஆகாது. அது மரத்தின் மேலே தோல் மாதிரி உட்காரும், வெயிலில் வெடிக்கும், வெடித்த இடத்தில் மழைத் தண்ணீர் புகுந்து வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே இருந்து மரத்தை அழுக வைக்கும் என்பாள். எண்ணெய் அப்படியில்லை, உள்ளே போகும்.

பழைய பூச்சைச் சுரண்டி, கழுவி, நிழலில் காயவைத்து, ரேகை ஓடுகிற திசையிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். பிறகு துணியில் எண்ணெயைத் தொட்டு மெலிதாக ஏற்றி, கால் மணி நேரம் விட்டுவிடுவாள். மரம் குடித்தது போக மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் பிசுபிசுவென்று நிற்கும், தூசி எல்லாம் வந்து ஒட்டும். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தொடக்கூடாது. மறுநாள் இன்னொரு தடவை. சில மரம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும், சிலது நாலு கேட்கும். பலகையின் அறுத்த முனை இருக்கிறதே, அதுதான் மொடாக்குடியன் என்பாள். எவ்வளவு ஊற்றினாலும் இன்னும் என்று வாயைத் திறந்துகொண்டு நிற்குமாம்.

பத்தொன்பது வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு பட்டனம்மாவுக்கும் அதே பாஷை வந்துவிட்டது. அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது "இன்னிக்கு எத்தன தடவ குடிச்சுது?" என்று கேட்பதும், "மூணு தடவ குடிச்சும் தாகம் அடங்கல அத்தை" என்று பதில் வருவதும் சாதாரணம். மகன் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அவன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகன். வெளியில் ஊரையே நிறுத்திக் கேள்வி கேட்பான். வீட்டில் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர் பக்கம்.

இந்தப் பத்தொன்பது வருஷமும் மருமகள் ஒரு காண்ட்ராக்டரின் கீழேதான் வேலை செய்தாள். பெஞ்சுக்கு எண்ணெய் ஏற்றுவது அவள், பெஞ்சின் முதுகில் தகடு அடித்துப் பெயர் போட்டுக்கொள்வது அவர். இந்த வருஷம்தான் முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். மலை உச்சியில் இருக்கிற ஓய்வு விடுதி. எழுபத்திரண்டு மரப்படி, பள்ளத்தாக்கை ஒட்டி ஓடுகிற கைப்பிடி, பன்னிரண்டு பெஞ்சு. மூன்று மாத வேலை. இது கிடைத்தால் இனி அவள் பெயர்தான் தகட்டில் இருக்கும். கிடைக்காவிட்டால் திரும்பவும் காண்ட்ராக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே பட்டனம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதில் ஒரு சிக்கல். போன மழையில் மலைப் பாதையின் ஓரம் சரிந்து போயிருந்தது. கார், வேன் எதையும் விடுவதில்லை. சாமான்கள் வாரத்துக்கு ஒரு தடவை டிராக்டரில் மேலே போகும். ஆட்கள் நடந்து போகலாம், இல்லையென்றால் சைக்கிள். விடுதி அறைகளில் கூரை வேலை நடக்கிறது, தங்கவும் முடியாது. பதினோரு கிலோமீட்டர் ஏற்றம். நடந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிடும். சுடுகிற மரத்தில் எண்ணெய் ஏற்றினால் உள்ளே போகாமல் மேலேயே காய்ந்துவிடும். அதனால் காலையிலேயே மேலே இருந்தாக வேண்டும். சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை.

ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு உண்டு. சுவரில் ஏறுகிற மாதிரி இருக்கும். அதைத் தாண்டினவன் எவனும் அப்பாடா என்று சொல்லாமல் இருந்ததில்லை. அதனால் அதற்கு அப்பாடா வளைவு என்றே பெயர்.

அந்த வளைவுக்காக மருமகள் இரண்டு மாதமாகப் பட்ட பாடு கொஞ்சமில்லை. சைக்கிள் கடைக்காரரிடம் போய்ப் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை மாற்றினாள். புதிது சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. முதல் நாள் அவள் ஓட்டிப் பார்த்தபோது பட்டனம்மா ஜன்னலில் நின்று பார்த்தாள். "கால் என்னமோ மிஷின் மாதிரி சுத்துது, வண்டி நின்ன எடத்துலயே நிக்குதே. காசு குடுத்து வண்டியக் கெடுத்துட்டு வந்திருக்கியா?" என்றாள். அப்படித்தான் இருக்கணும் அத்தை, அதுதான் ஏத்தத்துல கால உடைக்காது என்று பதில் வந்தது.

ரயில் பாதைக்கு மேலே ஒரு பழைய மேம்பாலம். பக்கத்தில் புதுசு வந்துவிட்டதால் பழையதில் சைக்கிளும் ஸ்கூட்டரும்தான் போகும். பின்னால் பத்து லிட்டர் தண்ணீர் டப்பாவைக் கட்டிக்கொண்டு அதில் ஏறுவாள், இறங்குவாள், திரும்ப ஏறுவாள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. முதல் வாரம் ஆறு கோடு. இரண்டாம் மாதம் இருபத்தெட்டு. பையில் உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு. பசி வருவதற்கு முன்னால் தின்ன வேண்டுமாம், பசித்த பிறகு தின்றால் பிரயோஜனமில்லையாம். பட்டனம்மா காலையில் எழுந்து அதை வேகவைத்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று ஒரு பாட்டம் சொல்லாமல் அனுப்பமாட்டாள்.

கடைக்காரர் இன்னும் இரண்டு சொல்லியிருந்தார். ரொம்பச் செங்குத்தாக இருந்தால் நேரே ஏறாதே, பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் குறுக்கே குறுக்கே போ, ஏற்றம் குறையும். இன்னொன்று, பேசிக்கொண்டே ஏறு. பேச முடிந்தால் வேகம் சரி, பேச முடியாமல் மூச்சு முட்டினால் குறைத்துக்கொள்.

தனியாகப் போகிறவள் என்ன பேசுவாள்? அதை ஒரு நாள் பட்டனம்மாவே போய்த் தன் காதால் கேட்டுவிட்டாள். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போனாளே என்று எடுத்துக்கொண்டு மேம்பாலத்தடிக்குப் போனால், மேலே மருமகள் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருக்கிறாள். வாய் ஓயாமல் ஓடுகிறது. "எட்டாவது வருஷம், என் நல்ல போர்வைய எடுத்துத் தரை தொடைக்கப் போட்டாங்க. கேட்டதுக்கு, நீ அதுல எண்ணெய் கொட்டினன்னு எம்மேலயே பழி. ஒன்பதாவது வருஷம்..." முழுக்க முழுக்க மாமியாரைத் திட்டுகிற பாராயணம். வருஷக் கணக்கில், ஒன்றுவிடாமல்.

பட்டனம்மா பாட்டிலைக் கொடுக்காமலேயே திரும்பி வந்துவிட்டாள். சாயங்காலம் மருமகள் வந்து, எண்ணெய்த் துணிகளைக் கொடியில் தனித்தனியாக விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்று அதில் மட்டும் அவளுக்கு பயம். பட்டனம்மா பின்னால் போய் நின்று, "அது நல்ல போர்வை இல்ல. கிழிஞ்ச போர்வை" என்றாள். மருமகள் திரும்பிப் பார்த்தாள். பிறகு கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. அன்றிலிருந்து அவள் வந்ததும் மாமியார் கேட்பாள், "இன்னிக்கு எந்த வருஷம் வரைக்கும் வந்த?" என்று. இருபது ஏற்றம் தாண்டிய நாளில் பதினேழாவது வருஷம் வரை வந்திருந்தாள்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

விடுதியைப் பராமரிக்கிற அலுவலகத்தில், விண்ணப்பம் போட்ட மூன்று பேரிடமும் ஆளுக்கு ஒரு பலகையைக் கொடுத்து எண்ணெய் ஏற்றிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மருமகளின் பலகை பின்பக்கத்து நிழலில் கிடந்தது. மூன்றாம் நாள் காலை. பட்டனம்மா ஜன்னலோரம் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள், வாயில் நூல். மாடிவீட்டுக்காரி இறங்கி வந்து, எங்கே மருமகளைக் காணோம் என்றாள். இவள் நிமிராமலே சொன்னாள்:

"முந்தாநாள் ஒரு தடவ, நேத்து ஒரு தடவ குடிச்சாச்சு. இன்னிக்கும் ஒண்ணு குடிச்சிட்டா நிறுத்திடலாம்னு இருக்கா. அதுவரைக்கும் வீட்ல இருப்புக் கொள்ளல, சைக்கிள எடுத்துட்டு மேம்பாலத்துக்குப் போயிட்டா."

குடிச்சாச்சு. யார் குடித்தது என்று அந்தச் சொல்லில் இருக்கிறதா? இல்லை. அவன், அவள், அது, எதுவும் இல்லை. பட்டனம்மாவின் மனசில் பலகை இருந்தது. மாடிவீட்டுக்காரியின் மனசில் பலகை எங்கே இருக்கும்? அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், யாரு என்று. கேட்கவில்லை. மேலே போய்ப் புருஷனிடம் சொன்னாள். புருஷன் அன்றைக்கு ஸ்கூட்டரில் மேம்பாலத்தில் போயிருக்கிறான். பட்டப்பகலில் ஒரு பொம்பளை வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு, தனியாக யாரையோ திட்டிக்கொண்டு, கண் சிவந்து வியர்த்துப் போவதைப் பார்த்தவன். கண் சிவந்தது உப்புத்தாள் தூசியால். அது அவனுக்குத் தெரியுமா? கிட்டே போனால் எண்ணெயில் கலக்கிற டர்பன்டைன் நெடி வேறு. இதற்கு மேல் சாட்சி எதற்கு?

மாடிவீட்டுக்காரியின் நாத்தனார் அந்த அலுவலகத்தில் கோப்பு எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். பத்து நாளில் கடிதம் வந்தது. மகன்தான் வாசித்தான். உயரமான இடத்தில் பணிபுரிபவரின் பழக்கவழக்கம் குறித்து வாய்மொழித் தகவல் வந்திருப்பதால் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம்.

மருமகள் கடிதத்தை நாலாக மடித்தாள். ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்து அழுத்திப் பார்த்தாள். மேசை ஆட்டம் நின்றது.

"போய்ச் சொல்லேம்மா, இப்படி இல்லன்னு" என்றாள் பட்டனம்மா.

"எப்படி இல்லன்னு அத்தை? குடிக்கலன்னா? குடிக்காதவ எதுக்குப் போய் அதச் சொல்லிட்டு நிக்கணும்?"

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பலகையப் பாத்தாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போயேவிட்டாள். வேலையே நின்றுபோன பிறகும் மேம்பாலம். இந்தப் பிடிவாதத்தை எங்கே கொண்டு போய் வைப்பது? மகனைப் பார்த்தாள். அவ சொல்றதும் சரிதாம்மா என்றான் அவன். நாசமாப் போச்சு, நான் பேசறேன் இப்ப, என் பக்கம் வா என்றாள் பட்டனம்மா. நீ சொல்றதும் சரிதாம்மா என்றான்.

அன்றைக்கு உட்கார்ந்து தைத்துக்கொண்டே யோசித்தாள். யார் இதைக் கிளப்பிவிட்டது? ஒவ்வொருத்தியாகப் பின்னால் போய்ப் பின்னால் போய்ப் பார்த்தால், கடைசியில் ஜன்னலோரம் வாயில் நூலோடு இவளே உட்கார்ந்திருக்கிறாள். கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். ஆறு பட்டனும் காஜா ஓட்டை இருக்கிற பக்கத்திலேயே தைத்து வைத்திருந்தது.

தப்பு என்னுது என்கிற வார்த்தையை அவள் சொல்லிப் பழகினதில்லை. ஒரு தடவை இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டு, உருளைக்கிழங்கே உப்பாகத்தான் வந்திருக்கிறது என்று சாதித்தவள். அதற்கப்புறம் அந்த வாரம் மாடிப்படிக்குக் கீழே நின்று நாலு தடவை குடித்தது மரம் என்று சொன்னாளே, அதிலும் நான் சொன்னவிதம் தப்பு என்று ஒரு தடவைகூட வரவில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளையிடமும் சொல்லாமல், மருமகளிடமும் சொல்லாமல், ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள்.

வெளியே ஒரு மரப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பத்து மணிக்கு உட்கார்ந்தவள் பன்னிரண்டரைக்கும் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனவர்கள் வெளியே வந்தார்கள், சாப்பிடப் போனார்கள். பெஞ்சைத் தடவிப் பார்த்தாள். சாம்பல் பூத்து, வெடிப்பு விட்டு, சிலாம்பு கையைக் குத்தியது. மரத்தைப் பராமரிக்க ஆள் தேடுகிற இடத்தில் இந்த லட்சணம். எரிச்சலில் பாட்டிலைத் திறந்து பெஞ்சின் மேல் கொஞ்சம் ஊற்றினாள். ஊற்றின இடம் கறுத்தது, தண்ணீர் காணாமல் போனது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்னம்மா, உக்கார்ற பெஞ்ச நனைச்சு வெச்சிருக்கீங்க?"

"பாருங்க சார். ஊத்தி வாய மூடல, அதுக்குள்ள குடிச்சாச்சு."

"யாரு?"

பட்டனம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இதத்தான் சார் மாடிவீட்டுக்காரி கேக்கல. கேட்டிருந்தா நான் பஸ் புடிச்சு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்."

எல்லாவற்றையும் சொன்னாள். பலகை, மூன்று தடவை, வாயில் நூல், நிமிராமல் சொன்ன பதில். "வார்த்தை என்னுது. தப்பும் என்னுது. அவ பேர்ல எழுதிட்டீங்க" என்று முடித்தாள். அதைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

அதிகாரி சுலபத்தில் விடவில்லை. அப்படியானால் பாலத்தில் வளைந்து வளைந்து போனது எதற்கு என்றார். நேரே ஏறினால் சுவர், குறுக்கே ஏறினால் சரிவு என்று கையாலேயே காட்டினாள். சரி, தனியாகப் பேசிக்கொண்டு போனது? பேச முடிந்தால்தான் வேகம் சரி என்று அர்த்தமாம் என்றாள்.

"அப்படி என்ன பேசுவாங்க?"

"என்னத் திட்டுவா சார். வருஷ வாரியா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான். பிறகு உள்ளே போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து மூன்று பலகையையும் எடுத்துவந்து வராந்தாவில் கிடத்தி, இவள் பாட்டிலை வாங்கி மிச்சத் தண்ணீரை மூன்றிலும் தெளித்தார். ஒன்றில் பளபளவென்று வார்னிஷ், ஆனால் அறுத்த முனையை அப்படியே விட்டிருந்தார்கள், அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. இன்னொன்றில் ஆங்காங்கே ஈரம் ஊறியது. மூன்றாவதில் தண்ணீர் முத்து முத்தாக நின்று, சாய்த்ததும் உருண்டு தரையில் விழுந்தது. அது யாருடையது என்று பட்டனம்மா கேட்கவில்லை. வீட்டில் மூன்று நாள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தவளுக்குத் தெரியாதா?

திங்கட்கிழமையிலிருந்து காலை எட்டரைக்குள் மலை உச்சியில் இருக்க வேண்டும் என்றார் அவர். மேலே மேற்பார்வையாளர் நேரம் எழுதுவார். இரண்டு நாள் ஒன்பதைத் தாண்டினால் வேலை இரண்டாவது ஆளுக்குப் போய்விடும். அதற்கு எந்த மாமியாரும் வந்து சமாதானம் சொல்ல முடியாது.

வீட்டில் வந்து, வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். எப்படி என்று மருமகள் கேட்டதற்கு, பலகையைப் பார்த்தார்கள் என்றாள். அது பொய்யும் இல்லை.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் இருந்தது. டயருக்குக் காற்று அடித்தாகிவிட்டது. பின்னால் உப்புத்தாளும் துணியும் கட்டியாகிவிட்டது. எண்ணெய் டப்பாக்கள் சனிக்கிழமையே டிராக்டரில் போய்விட்டன. பட்டனம்மா உருளைக்கிழங்கைச் சுடச்சுடப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, எடுத்ததுமே வேகமாகப் போகாதே, முதல் அஞ்சு கிலோமீட்டர் மூச்சை மிச்சம் பிடி என்று, என்னமோ இவளே நூறு மலை ஏறினவள் மாதிரி சொன்னாள். மகன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மருமகள் வாசலில் நின்று பையை மாட்டிக்கொண்டாள். "ஒரு கஷ்டம் அத்தை. பத்தொன்பது வருஷத்தையும் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். நின்னு நிதானமாத் திட்டினாலும் எட்டாவது கிலோமீட்டர்ல தீந்துடும். அப்பாடா வளைவுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. புதுசா ஏதாவது குடுங்க."

பட்டனம்மா பொட்டலத்தைப் பையில் திணித்தாள். திணித்த கையை எடுக்கவில்லை.

"நீ குடிக்கறன்னு ஊர்ல பேச்சு வந்துதே, அத மொதல்ல சொன்னவ நான்தான். பலகையச் சொன்னேன். ஒழுங்காச் சொல்லல. அத வெச்சுக்க."

மகன் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். யார் பக்கம் போவது என்று தெரியாமல் சைக்கிள் பக்கம் நின்றுகொண்டான்.

மருமகள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அது எனக்கு அன்னிக்கே தெரியும் அத்தை" என்றாள். "தண்ணி பாட்டில மறந்துட்டேன்னு எடுக்கத் திரும்பி வந்தேன். நீங்க ஜன்னல்ல சொல்லிட்டிருந்தது கேட்டுச்சு."

"கேட்டுட்டு இத்தன நாள் வாயத் தெறக்கல?"

"வளைவுக்குன்னு எடுத்து வெச்சேன்."

இவளை என்ன செய்வது? பட்டனம்மாவுக்கு அழுகை வந்ததா ஆத்திரம் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. போ, நேரமாச்சு, எட்டரை என்று முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். மருமகள் வாசலைத் தாண்டி சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கினாள்.

மேலே ஜன்னல் கதவு திறந்தது. மாடிவீட்டுக்காரி தூக்கக் கலக்கத்தோடு எட்டிப் பார்த்து, என்னக்கா விடியக்காலையிலேயே எங்கே என்று கேட்டாள்.

பட்டனம்மா தெருவின் நடுவுக்கு வந்து நின்றாள். வாயில் நூல் இல்லை, குரலும் தெளிவாக இருந்தது.

"எழுபத்திரண்டு படி, பன்னெண்டு பெஞ்சு. மூணு மாசத்துக்குக் குடிதான். ஒண்ணுவிடாம ஊத்திட்டுத்தான் வருவா. யாருக்குன்னு இந்தத் தடவயாவது கேளு."

மாடிவீட்டுக்காரி கேட்பதற்குள் சைக்கிள் தெருமுனை திரும்பிவிட்டது. திரும்பும்போதே மருமகளின் குரல் கேட்டது. "மொதல் வருஷம், வந்த மறுநாளே..." என்று ஆரம்பித்துவிட்டிருந்தாள்.